அளபுருப் பேட்டர்னும் பல அளவுச் சோதனையும்: ஒரு வரலாறு

ஓர் ஆடையைத் தைப்பதற்கு முன் அதன் ஒவ்வொரு துண்டும் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தாளில் வரைந்து கொள்வர். இந்த வரைவு 'பேட்டர்ன்' எனப்படும். மார்பளவு, இடுப்பளவு, தோள் அகலம் போன்ற எண்களை உள்ளீடாகக் கொடுத்தால் அவற்றுக்கேற்ப வடிவத்தைத் தானே கணக்கிட்டு வரையும் கணினி நிரலாகவும் பேட்டர்னை எழுதலாம். அவ்வாறு எழுதப்பட்டது அளபுருப் பேட்டர்ன் ஆகும். அளபுரு என்பது மாற்றத்தக்க உள்ளீட்டு அளவு. ஒரு முறை எழுதிய நிரல் குழந்தைக்கும் பெரியவருக்கும், மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் பேட்டர்ன் தர வேண்டும் என்பது இதன் நோக்கம்.

இந்த நோக்கம் உண்மையில் நிறைவேறுகிறதா என்பதை ஒரே ஓர் அளவில் வரைந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே பல அளவுகளில் வரைந்து சோதிப்பது இத்துறையின் இன்றியமையாத பகுதியாகிவிட்டது. சோதனை கணினியில் நடந்தாலும் அதன் பின்னுள்ள சிக்கல் கணினிக்கு மிகவும் முந்தியது. ஓர் உடலுக்குச் சரியான கணக்கு மற்றோர் உடலுக்கும் சரியாகுமா என்ற கேள்வியைத் தையற்கலைஞர்கள் பல நூற்றாண்டுகளாகக் கேட்டு வந்துள்ளனர்.

ஓர் அளவுக்கு வரைந்த காலம்

அச்சில் வெளிவந்த தொடக்ககாலத் தையல் நூல்களுள் ஒன்று ஸ்பெயின் நாட்டுத் தையற்கலைஞர் ஹுவான் தே அல்செகா எழுதி 1580இல் மாட்ரிட் நகரில் வெளியிட்ட நூலாகும். அதன் தலைப்பில் வடிவியல் என்ற சொல் இடம்பெற்றிருந்தது. குறிப்பிட்ட அகலமுள்ள துணியில் ஆடையின் துண்டுகளை வீணாகாமல் எப்படி அடுக்கி வெட்டுவது என்பதை அதிலுள்ள படங்கள் காட்டின. அளவுகள் 'வாரா' என்ற ஸ்பானிய நீட்டலளவையிலும் அதன் பின்னங்களிலும் குறிக்கப்பட்டன. உடை அணிபவரின் உடலுக்கேற்ப அவ்வடிவத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் தையற்காரரின் கைப்பழக்கத்தைச் சார்ந்திருந்தது.

அளவெடுக்கும் முறையும் இன்றுள்ளதைப் போல இல்லை. பிரான்சில் கார்சோ என்பவர் 1769இல் வெளியிட்ட தையற்கலை நூல் அக்கால முறையை விளக்குகிறது. தையற்காரர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு நீண்ட தாள் பட்டையை வைத்திருப்பார். மார்பு, தோள், கை நீளம் ஆகியவற்றை அந்தப் பட்டையால் அளந்து, முடியும் இடங்களில் சிறு வெட்டுகளை அடையாளமாக இடுவார். பட்டையில் எண்கள் இல்லை. எண் இல்லாததால் ஒருவருடைய அளவை மற்றவருடைய அளவோடு ஒப்பிட்டு விதி உருவாக்கும் வழியும் எளிதில் திறக்கவில்லை.

நாடாவும் விகிதமும்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண் குறித்த அளவு நாடா ஐரோப்பியத் தையற்கடைகளில் பரவியது. நம் ஊர்த் தையற்கடைகளில் 'இஞ்ச் டேப்' என்று வழங்குவது அதன் வழி வந்ததுதான். அளவுகள் எண்களானதும் அவற்றுக்கிடையே உள்ள தொடர்பைச் சூத்திரமாக்கும் முயற்சி தொடங்கியது. இம்முயற்சியில் இரண்டு போக்குகள் தோன்றின.

முதலாவது விகித முறை. உடலின் ஒரு முதன்மை அளவை, பெரும்பாலும் மார்பளவை, எடுத்துக்கொண்டு மற்ற எல்லா அளவுகளையும் அதன் பங்குகளாகக் கணக்கிடுவது இம்முறை. ஒவ்வொரு மார்பளவுக்கும் தனித்தனியாகப் பிரிவு குறித்த அளவுகோல்களும் விற்பனைக்கு வந்தன. கோலை மாற்றினால் அதே எண்களைக் கொண்டு வேறு அளவில் ஆடை வரையலாம்.

இரண்டாவது நேரளவு முறை. வரைவுக்குத் தேவையான ஒவ்வோர் அளவையும் உடலிலிருந்தே எடுப்பது இம்முறை. இதில் அளவுகள் பல என்பதால் நேரம் அதிகம் செலவாகும். ஓர் அளவைத் தவறாக எடுத்தால் அப்பிழை அப்படியே ஆடைக்கும் வந்துவிடும். ஆனால் தோள் சரிந்தவர், முதுகு வளைந்தவர், வயிறு பருத்தவர் போன்றோருக்கு விகித முறை தராத பொருத்தத்தை இது தந்தது. இரண்டையும் கலந்த முறைகளும் நடைமுறையில் இருந்தன.

ஜெர்மானியக் கணித அறிஞர் ஹென்றி வாம்பென் 1834இல் லண்டனில் வெளியிட்ட நூல் ஆடை வெட்டுதலைக் கணிதக் கலையாகவே முன்வைத்தது. ஆண்களின் உடலமைப்பு வேறுபடுவதை அந்நூல் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டிருந்தது. அளவை உள்ளே கொடுத்தால் வடிவம் வெளியே வர வேண்டும் என்ற எண்ணம், கணினிக்கு நூறாண்டுகளுக்கு முன்பே தையற்கலையில் வேர்விட்டிருந்தது.

இந்தியத் தையற் பயிற்சியிலும் விகித முறை ஆழமாகப் பதிந்தது. மும்பையில் உருவான சாராப்கர் வெட்டு முறை நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாக இருந்தது. மார்பளவில் 12இல் ஒரு பங்கு, 8இல் ஒரு பங்கு, 4இல் ஒரு பங்கு என்று கணக்கிட்டு வரையும் பழக்கம் இன்றும் தையற் பயிற்சி வகுப்புகளில் தொடர்கிறது.

தாளில் வந்த அளவு வரிசை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்டெர்லிங் என்ற ஊரைச் சேர்ந்த தையற்காரர் எபனேசர் பட்டரிக் 1863இல் அளவு வாரியான தாள் பேட்டர்ன்களை விற்கத் தொடங்கினார். அதற்கு முன் இதழ்களில் வந்த பேட்டர்ன்கள் பொதுவாக ஒரே அளவில் இருந்தன. வீட்டில் தைப்பவர் தாமே அதைத் தமக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வேலையை விற்பவரே செய்து தருவதுதான் பட்டரிக் கொண்டுவந்த மாற்றம். தையல் இயந்திரம் வீடுகளுக்குள் நுழைந்த காலம் அது என்பதால் விற்பனை விரைவாக வளர்ந்தது.

ஓர் அடிப்படை அளவிலிருந்து மற்ற அளவுகளைப் பெறும் வேலை 'கிரேடிங்' எனப்படுகிறது. அடுத்தடுத்த அளவுகளுக்கிடையே மார்புச் சுற்றளவு 4 செ.மீ. கூடுகிறது எனக் கொள்வோம். மேலுடையின் சுற்றளவை நான்கு சம பகுதிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு பகுதியின் அகலமும் 1 செ.மீ. கூடும். ஆனால் கழுத்து, தோள், கைக்குழி ஆகிய இடங்களில் அதே வீதத்தில் கூட்ட முடியாது. மார்பு பெருக்கும் வேகத்தில் கழுத்தோ தோள் எலும்போ பெருப்பதில்லை. ஆகவே வரைவின் ஒவ்வொரு முனைப் புள்ளியும் கிடையாக எவ்வளவு, செங்குத்தாக எவ்வளவு நகர வேண்டும் என்பதற்குத் தனித்தனி விதிகள் உருவாயின.

இந்த விதிகளுக்கு எல்லை உண்டு. அடிப்படை அளவுக்கு மேலும் கீழும் ஓரிரு அளவுகள் வரை கிரேடிங் நன்றாக அமையும். அதற்கப்பால் சிறு பிழைகள் ஒன்றின் மேல் ஒன்று சேர்ந்து வடிவமே குலையும். இதனால்தான் பெரிய அளவுகளுக்குத் தனி அடிப்படை வரைவு தேவை என்பது ஆடைத் தொழிலில் பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாக உள்ளது. தனி வரைவுக்குச் செலவாகும் என்பதால் நடுத்தர அளவை நீட்டியே பெரிய அளவை உருவாக்குவதும் நடக்கிறது. தோள் சரிந்து விழும் சட்டையும், கைக்குழி தொங்கும் ரவிக்கையும் அதன் விளைவுகள். வாங்குபவர் பெரும்பாலும் தம் உடலில்தான் குறை என்று எண்ணிக்கொள்கிறார்.

சராசரி உடலைத் தேடியவர்கள்

அளவு வரிசை எந்த உடல்களை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்பதை அறிய அமெரிக்க வேளாண் துறையின் மனையியல் பிரிவு 1939–40இல் ஒரு பெரிய கணக்கெடுப்பை நடத்தியது. ரூத் ஓபிரையன், வில்லியம் ஷெல்டன் ஆகியோர் தலைமையில் ஏறத்தாழ 15,000 பெண்களிடம் உடலின் 59 அளவுகள் எடுக்கப்பட்டன. 1941இல் வெளியான அறிக்கை, ஒரே அளவைக் கொண்டு மற்றவற்றை நம்பகமாகக் கணிக்க இயலாது என்பதைக் காட்டியது. உயரம், எடை ஆகிய இரண்டையும் இணைத்துப் பார்ப்பதே நல்ல வழி என்று அது கருதியது. ஆனால் கடைகள் அதை ஏற்கவில்லை.

இக்கணக்கெடுப்பில் மற்றொரு குறையும் இருந்தது. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் இறுதிக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. இத்தரவுகளின் அடிப்படையில் 1958இல் அமெரிக்க அரசு பெண்கள் ஆடைக்கான அளவுத் தரத்தை வெளியிட்டது. பின்னர் அது திருத்தப்பட்டு, 1983இல் கைவிடப்பட்டது. எந்த உடல்கள் அட்டவணையில் இடம்பெறவில்லையோ அந்த உடல்களில் பேட்டர்ன் சோதிக்கப்படவும் இல்லை.

சராசரி என்ற கருத்துக்கே சவாலான ஆய்வு அமெரிக்க விமானப்படையிலிருந்து வந்தது. 1950இல் 4,063 விமானப்படை வீரர்களிடம் எடுத்த அளவுகளைக் கில்பர்ட் டேனியல்ஸ் ஆராய்ந்தார். ஆடை வடிவமைப்புக்குத் தேவையான 10 அளவுகளை எடுத்துக்கொண்டு, அந்தப் பத்திலும் சராசரியை ஒட்டிய நடுப்பகுதிக்குள் வருபவர் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை. 1952இல் வெளியான இவ்வாய்வு, சராசரி மனிதருக்கென்று தைத்த ஆடை எவருக்கும் முழுமையாகப் பொருந்தாது என்பதை எண்களால் நிறுவியது.

கணினிக்குள் நுழைந்த பேட்டர்ன்

1963இல் ஐவன் சதர்லேண்ட் எம்.ஐ.டி. நிறுவனத்தில் உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' நிரல், கணினித் திரையில் வரைந்த கோடுகளுக்கிடையே நிபந்தனைகளை விதிக்க இடமளித்தது. இரண்டு கோடுகள் இணையாக இருக்க வேண்டும், ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று சொன்னால் கணினியே வரைவைச் சரிசெய்தது. பிற்கால அளபுரு வரைவுமுறைகளுக்கு இது முன்னோடியாகும்.

ஆடைத் தொழிலில் கணினி வேறு வழியில் நுழைந்தது. ஜோசப் கெர்பரின் நிறுவனம் 1969இல் துணியைத் தானே வெட்டும் இயந்திரத்தை உருவாக்கியது. பிரான்சில் 1973இல் தொடங்கிய லெக்ட்ரா நிறுவனமும் கிரேடிங், வெட்டுதல் ஆகியவற்றுக்கான கணினி முறைகளை வளர்த்தது. இம்முறைகளில் பொதுவாக அடிப்படை அளவின் தாள் வரைவு கணினிக்குள் ஏற்றப்பட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் நகர்வு விதி எண்களாகத் தரப்பட்டது. பல நாள் வேலை சில மணி நேரமாகச் சுருங்கியது. ஆனால் கணினி அறிந்திருந்தது புள்ளிகளின் இருப்பிடத்தையும் நகர்வையும் மட்டுமே. அந்தப் புள்ளி ஏன் அங்கே இருக்கிறது என்ற காரணம் வடிவமைப்பாளரின் மனத்திலேயே தங்கிவிட்டது.

காரணத்தையும் எழுதும் முறை

காரணத்தையே நிரலாக எழுதுவதுதான் அளபுருப் பேட்டர்னின் சிறப்பு. 'இப்புள்ளி கழுத்திலிருந்து 12 செ.மீ. தொலைவில் உள்ளது' என்று எழுதுவதற்குப் பதிலாக 'இப்புள்ளி தோள் அகலத்தின் பாதியில் உள்ளது' என்று எழுதப்படும். தோள் அகலம் மாறினால் புள்ளியும் மாறும்.

கட்டற்ற மென்பொருள் உலகில் இத்தகைய முயற்சிகள் 2010களில் வலுப்பெற்றன. 2013இல் தொடங்கிய வலென்டினா என்ற மென்பொருளில் வடிவமைப்பாளர் திரையில் வரைந்துகொண்டே ஒவ்வொரு கோட்டுக்கும் சூத்திரம் கொடுக்கலாம். பின்னாளில் அதிலிருந்து சீம்லி2டி என்ற மென்பொருள் பிரிந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோஸ்ட் டி காக் தொடங்கிய ஃப்ரீசூயிங் திட்டம் பேட்டர்னை முழுக்க நிரலாகவே எழுதும் வழியைத் தேர்ந்தெடுத்தது. 2017இல் வெளியான அதன் முதல் வடிவம் பிஎச்பி மொழியிலும், 2019இல் வந்த இரண்டாம் வடிவம் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலும் எழுதப்பட்டன. பயனர் தம் அளவுகளைக் கொடுத்தால் அவருக்கென்றே பேட்டர்ன் வரையப்படும். கடையில் விற்கும் தாள் பேட்டர்னில் பத்துப் பதினைந்து அளவுகள் இருக்கலாம். இங்கே அளவுகளுக்கு எண்ணிக்கையே இல்லை. ஆகவே எல்லா அளவுகளையும் தைத்துப் பார்த்துச் சோதிப்பதும் இயலாத செயலாயிற்று.

ஓர் அளவில் சோதித்தால் ஏன் போதாது

இதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். கைக்குழியின் ஆழத்தைக் கணக்கிட இரண்டு சூத்திரங்கள் இருப்பதாகக் கொள்வோம்.

முதல் சூத்திரம்: மார்பளவில் 4இல் ஒரு பங்கு எடுத்து, அதிலிருந்து 1½ அங்குலம் கழிக்க வேண்டும்.
இரண்டாம் சூத்திரம்: மார்பளவில் 8இல் ஒரு பங்கு எடுத்து, அதனுடன் 3 அங்குலம் கூட்ட வேண்டும்.

மார்பளவு 36 அங்குலம் உள்ளவருக்கு முதல் சூத்திரம் 9 − 1½ = 7½ அங்குலம் தரும். இரண்டாம் சூத்திரம் 4½ + 3 = 7½ அங்குலம் தரும். இரண்டும் ஒரே விடை. இந்த ஓர் அளவில் எத்தனை முறை தைத்துப் பார்த்தாலும் எது நல்ல சூத்திரம் என்று சொல்ல முடியாது.

மார்பளவு 48 அங்குலமானால் முதல் சூத்திரம் 10½ அங்குலமும், இரண்டாம் சூத்திரம் 9 அங்குலமும் தரும். 24 அங்குலமுள்ள சிறுவருக்கு முறையே 4½, 6 அங்குலம் வரும். இரு முனைகளிலும் 1½ அங்குல வேறுபாடு. கைக்குழி தேவைக்கு மேல் ஆழமானால் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் மேலே ஏறும். ஆழம் குறைந்தால் அக்குளில் இறுக்கிப் பிடிக்கும். நடு அளவில் ஒளிந்திருக்கும் பிழை ஓரத்து அளவுகளில்தான் வெளிப்படுகிறது. அதனால் துன்பப்படுபவர்களும் ஓரத்து அளவுகளில் உள்ளவர்களே.

சோதனை முறைகள்

ஃப்ரீசூயிங் திட்டத்தில் பேட்டர்னைப் பல அளவுகளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் வசதி உண்டு. இதிலிருந்து வளர்ந்த சோதனை வழிகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, *அளவு வரிசைச் சோதனை*. சிறிய உடல் முதல் பெரிய உடல் வரை உள்ள மாதிரி அளவுத் தொகுப்புகளைக் கொண்டு பேட்டர்ன் வரையப்படும். மரத்தின் ஆண்டு வளையங்களைப் போலக் கோடுகள் ஒழுங்கான இடைவெளியில் விரிந்து சென்றால் வரைவு சீராக வளர்கிறது என்று பொருள். ஓரிடத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டினாலோ, வளைவு திடீரெனப் புடைத்தாலோ, எல்லா அளவுகளுக்கும் ஒரே புள்ளியில் கோடுகள் குவிந்து நின்றாலோ அங்கே ஒரு சூத்திரத்தை ஆராய வேண்டும்.

இரண்டாவது, *ஓரளவுச் சோதனை*. மற்ற அளவுகளை மாற்றாமல் ஒன்றை மட்டும் சற்றுக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பது இது. அளவு வரிசைச் சோதனையில் எல்லா அளவுகளும் சேர்ந்து வளர்வதால் ஓர் அளவின் தனி விளைவு மறைந்துவிடும். உண்மையான உடல்களோ அட்டவணை போலச் சேர்ந்து வளர்பவை அல்ல. அகன்ற தோளும் குறுகிய மார்பும் உள்ளவர் உண்டு. கை தடித்து உடல் மெலிந்தவர் உண்டு. டேனியல்ஸ் கண்டதும் இதையே. புயச் சுற்றளவை மாற்றும்போது கை மட்டுமல்லாமல் கழுத்தும் மாறினால், சூத்திரத்தில் தேவையற்ற தொடர்பு புகுந்திருக்கிறது என்று அறியலாம்.

மூன்றாவது, *தெரிவுச் சோதனை*. எவ்வளவு 'லூஸ்' விடுவது, காலர் எவ்வளவு உயரம், கழுத்து எவ்வளவு ஆழம் என்பவை அணிபவரின் விருப்பம். இவை ஒவ்வொன்றையும் அனுமதித்த சிறும அளவிலிருந்து பெரும அளவுவரை படிப்படியாக நகர்த்தி வரைந்து பார்ப்பர். ஓர் உடலுக்குப் பொருந்தும் தெரிவு மற்றோர் உடலில் வரைவைக் குலைத்தால் எல்லையைத் திருத்த வேண்டும்.

நான்காவது, *எறும்பு மனிதச் சோதனை*. ஒரு மனிதரின் எல்லா அளவுகளையும் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிப் பேட்டர்னை வரைவர். வரைவும் அதே வடிவத்துடன் பத்தில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் உடலோடு தொடர்பில்லாத ஒரு நிலையான எண் சூத்திரத்தில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னர் பொம்மை அளவுகளும் பூத அளவுகளும் மாதிரித் தொகுப்புகளாகச் சேர்க்கப்பட்டன.

மேலே கண்ட கைக்குழிக் கணக்கையே எறும்பு மனிதருக்குப் போட்டுப் பார்க்கலாம். அவர் மார்பளவு 3.6 அங்குலம். கைக்குழி ஆழம் 0.75 அங்குலமாக வர வேண்டும். முதல் சூத்திரம் 0.9 − 1.5 = −0.6 தரும். அதாவது கைக்குழியின் அடிப்புள்ளி தோளுக்கு மேலே போய்விடும். இரண்டாம் சூத்திரம் 0.45 + 3 = 3.45 அங்குலம் தரும். மார்பளவே 3.6 அங்குலமாக இருக்கும்போது கைக்குழி ஏறத்தாழ அதே ஆழத்துக்கு இறங்கிவிடும். 36 அங்குலத்தில் ஒளிந்திருந்த 1½ அங்குலமும் 3 அங்குலமும் இங்கே அப்பட்டமாகத் தெரிகின்றன.

இவ்வளவு சிறிய மனிதர் எங்கும் இல்லை. ஆயினும் இச்சோதனை பயனுடையது. நிலையான எண் 44 அங்குலத்தில் கால் அங்குலப் பிழையாகவும், 52 அங்குலத்தில் அரை அங்குலப் பிழையாகவும் மெல்ல வளரும்போது கண்ணில் படுவதில்லை. அதே பிழையைப் பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கியாக எறும்பு மனிதர் உதவுகிறார்.

பிழையைத் திருத்தும் வழி

எண்ணை நீக்கிவிட்டு எல்லாவற்றையும் மார்பளவின் நேர் விகிதமாக்கினால் எறும்பு மனிதச் சோதனையில் வரைவு எளிதில் தேறிவிடும். ஆனால் அது பொருத்தத்தைத் தராது. கழுத்தின் அரை அகலம் மார்பளவில் 12இல் ஒரு பங்கு என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். 36 அங்குலத்துக்கு 3 அங்குலமும், 48 அங்குலத்துக்கு 4 அங்குலமும் வரும். முழுக் கழுத்து அகலம் 6 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகிவிடுகிறது. பருத்த உடலிலும் கழுத்து அவ்வளவு அகலாது என்பதால் சட்டை தோளிலிருந்து நழுவும். இச்சூத்திரம் எறும்பு மனிதச் சோதனையில் குறையின்றித் தேறும். ஆனால் மனிதரிடம் தோற்கும். ஆகவே ஒரு சோதனையில் தேறியதைக் கொண்டு பேட்டர்ன் சரி என்று முடிவுசெய்யக் கூடாது.

நிலையான திருத்தம், விடுபட்ட அளவை உடலிலிருந்தே கேட்டுப் பெறுவதுதான். கழுத்து அகலத்தைக் கழுத்துச் சுற்றளவிலிருந்து கணக்கிட்டால் இரண்டு சிக்கல்களும் தீரும். ஃப்ரீசூயிங்கின் அடிப்படை மேலுடை வரைவான பிரையன் இதற்குச் சான்று. அதில் முதலில் கைக்குழி ஆழம் புயச் சுற்றளவின் ஒரு விகிதமாகக் கணக்கிடப்பட்டது. பின்னர் இடுப்பிலிருந்து அக்குள் வரையுள்ள உயரத்தை நேராகக் கேட்கும் முறை சேர்க்கப்பட்டது. பழைய முறை நீக்கப்படாமல் தெரிவாக வைக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டுத் தையற்கடைகளில் விகித முறைக்கும் நேரளவு முறைக்கும் இடையே நடந்த வாதம் நிரலுக்குள் மீண்டும் நடந்தது எனலாம்.

இணைந்து தைக்கப்படும் இரண்டு விளிம்புகளின் நீளத்தையும் ஒப்பிட வேண்டும். கையின் மேல்வளைவு கைக்குழியின் சுற்றளவோடு பொருந்த வேண்டும். காலர் கழுத்து வளைவோடு பொருந்த வேண்டும். வளைகோட்டின் நீளத்தை நேரடிச் சூத்திரத்தால் வரவழைப்பது கடினம். ஆகவே நிரல் ஒரு வளைவை வரைந்து, நீளத்தை அளந்து, வேறுபாடு இருந்தால் சற்று மாற்றி மீண்டும் வரையும். வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்குள் வரும்வரை இது தொடரும். ஃப்ரீசூயிங்கின் தொடக்கப் பாடமான குழந்தை பிப்பில் கழுத்துத் திறப்பு இவ்வாறுதான் வரையப்படுகிறது. நடு அளவில் இந்தச் சுழற்சி சில முறைகளில் முடிந்துவிடும். மிகச் சிறிய அளவிலோ மிகப் பெரிய அளவிலோ அது முடிவுக்கே வராமல் சுற்றலாம். பல அளவுச் சோதனை இதையும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

எல்லா நிலை எண்களும் பிழையல்ல

சில அளவுகள் உடலோடு வளரக் கூடாதவை. தையலுக்கு விடும் துணி பொதுவாக 1 செ.மீ. அளவில் இருக்கும். அதன் தேவை துணி பிரியாமல் இருப்பதற்கும் ஊசி செல்வதற்குமே. அணிபவர் பருத்தவர் என்பதற்காக அதைக் கூட்ட வேண்டியதில்லை. பொத்தானின் விட்டம், ஜிப்பின் அகலம், இடுப்பு எலாஸ்டிக்கின் அகலம் ஆகியவையும் கடையில் கிடைக்கும் அளவில்தான் அமையும். சட்டைப் பையின் வாய் கை நுழையும் அளவுக்கு இருக்க வேண்டும். அதற்கு அளவுகோல் கை, மார்பு அன்று. சட்டை நீளம் கூடும்போது பொத்தான்கள் பெரிதாவதற்குப் பதில் எண்ணிக்கையில் கூடுவதே பொருத்தம்.

எனவே சோதனையில் ஒரு நிலை எண் தென்பட்டால், அது உடலைப் பற்றியதா பொருளைப் பற்றியதா என்று முதலில் கேட்க வேண்டும். உடலைப் பற்றியதாயின் அது ஓர் அளவோடு கட்டப்பட வேண்டும். பொருளைப் பற்றியதாயின் அதற்குப் பெயரிட்டுத் தனியே வைக்க வேண்டும்.

சோதனையின் எல்லை

திரையில் தெரிவது கோடுகள் மட்டுமே. துணியின் கனம், விழும் தன்மை, இழுவை ஆகியவை அதில் தெரிவதில்லை. பின்னலாடைத் துணியில் உடலைவிடச் சிறிதாக வெட்டிய ஆடையும் நன்றாகப் பொருந்தும். அதே வெட்டு நெசவுத் துணியில் உடம்பில் ஏறாது. ஆகவே விலை குறைந்த காடாத் துணியில் மாதிரி தைத்து, வெவ்வேறு உடலமைப்பு உள்ளவர்களுக்கு அணிவித்து, அவர்கள் உட்கார்ந்தும் கையைத் தூக்கியும் பார்ப்பது இன்றும் கைவிட முடியாத படியாகும். யாரை அழைத்து எதைத் தைத்துப் பார்ப்பது என்பதைத் தேர்ந்தெடுக்கக் கணினிச் சோதனை உதவும்.

மாதிரி அளவுத் தொகுப்பின் தரமும் முக்கியம். ஒரு நடுத்தர உடலைப் பெருக்கியும் சுருக்கியும் உருவாக்கிய தொகுப்பில் சோதித்தால், பேட்டர்ன் அந்த ஓர் உடலின் நிழல்களுக்கு மட்டுமே பொருந்தும். இந்தியாவில் விற்கும் ஆயத்த ஆடைகள் நெடுங்காலமாக மேலைநாட்டு அளவு அட்டவணைகளைத் தழுவியே வந்துள்ளன. இந்திய உடல்களுக்கென்று அளவு அட்டவணை உருவாக்க, தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவுடன் ஒரு திட்டத்தை மேற்கொண்டது. 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000க்கும் மேற்பட்டோரை முப்பரிமாண வருடிகளால் அளப்பது அதன் நோக்கம். இத்தகைய அட்டவணைகள் அளபுருப் பேட்டர்ன்களைச் சோதிக்கவும் பயன்படக்கூடியவை.

தொகுப்புரை

தாள் பட்டையில் வெட்டு அடையாளமிட்ட காலத்தில் ஒவ்வோர் ஆடையும் ஒருவருக்காகவே வெட்டப்பட்டது. அளவு நாடா விதியைத் தந்தது. பட்டரிக்கின் தாள் பேட்டர்ன் அவ்விதியைப் பலருக்குக் கொண்டுசென்றது. அட்டவணைக்கு வெளியே இருந்தவர்கள் அதற்கு விலை கொடுத்தனர். அளபுருப் பேட்டர்ன் மீண்டும் ஒருவருக்கென்றே வரையும் வழியைத் திறந்துள்ளது. ஆனால் அதன் சூத்திரம் ஒரே உடலைப் பார்த்து எழுதப்பட்டிருந்தால், பழைய அளவு அட்டவணையின் குறை நிரலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தொடரும். அதை வெளிக்கொணரும் வழியே பல அளவுச் சோதனை. தையற் பயிற்சி மாணவர்கள் கணினி இல்லாமலும் இதைச் செய்யலாம். வகுப்பில் கற்ற ஒரு சூத்திரத்தை எடுத்துக்கொண்டு 24, 36, 48 அங்குலங்களுக்கும் கணக்கிட்டு, மூன்றையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் போதும். அந்தச் சூத்திரம் எந்த உடலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது அத்தாளிலேயே தெரிந்துவிடும்.